இணையத்தில் இணை தேடல்: பிணை நிற்பார் யார்?

திருமணம் இருவர்க்கிடையே நிகழும் உடன்படிக்கை. ஆயினும் அவ்விருவரையும் ஒருவர்க்கொருவர் அறியச் செய்ய மூன்றாமவர் ஒருவர் எக்காலத்தும் வேண்டப்பட்டே வந்துள்ளார். சங்க அகப்பாடல்களில் அவர் தோழியாகவும் பாங்கனாகவும் நின்றார். நம் தந்தையர் காலத்தில் பள்ளிவாசல் முத்தவல்லியாகவும், துணிக்கடை முதலாளியாகவும், ஊர் ஊராகச் செல்லும் தரகராகவும், கல்யாண வீட்டில் வந்த பெண்பிள்ளைகளையெல்லாம் நோட்டமிடும் பெரியம்மாவாகவும் நின்றார். பின்னர் ஞாயிற்றுக்கிழமை நாளிதழின் வரன் விளம்பரப் பக்கமாக உருமாறினார். இன்று அவ்விடத்தில் இணையத் திருமணத் தகவல் தளங்கள் வந்து அமர்ந்துவிட்டன. இஃது ஆகுமா ஆகாதா என வாதிடும் காலம் கடந்துவிட்டது. பெண்ணைப் பெற்றோர் இரவில் கைப்பேசியைக் கண்ணருகே பிடித்து வரன்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்ப்பது இன்று வீடுதோறும் காணும் காட்சி. அந்த மூன்றாமவர் இதுகாறும் சுமந்து வந்த பொறுப்பு எங்கே போயிற்று என்பதே நாம் ஈண்டு எழுப்ப விரும்பும் வினா.

தில்லை நகரை அறிந்தோர் ஒன்றை நினைவுகூர்வர். 2000ஆம் ஆண்டுக்குப் பின்வந்த சில ஆண்டுகளில் சாஸ்திரி சாலையை ஒட்டியும் குறுக்குத் தெருக்களிலும் ‘பிரௌசிங் சென்டர்’ என்னும் பெயர்ப் பலகைகள் தொங்கின. மணிக்கு இவ்வளவு எனக் கட்டணம். தேர்வு முடிவு காண வந்த மாணவர்க்கு நடுவே, வெள்ளை வேட்டியும் தொப்பியுமாகப் பெரியவர் ஒருவர் மகளின் புகைப்படத்தை உறையிலிட்டுக் கொணர்ந்து, கடைப் பையனிடம் இதனைக் கணிப்பொறியில் ஏற்றித் தருமாறு தணிந்த குரலில் கேட்டு நிற்பார். பெற்ற மகளின் முகத்தை ஊர் பேர் அறியாதார் காணும் இடத்தில் வைக்கிறோமே என்னும் கூச்சம் அவர் முகத்தில் எழுதி ஒட்டியிருக்கும். உறையூரிலிருந்தும் தென்னூரிலிருந்தும் அவ்வாறு வந்தோரை நாம் கண்டதுண்டு. அம்மையங்கள் பெரும்பாலும் மறைந்துவிட்டன. அந்தக் கூச்சமும் அவற்றோடு போயிற்று.

இத்தொழிலின் வரலாற்றில் தமிழர்க்குத் தனியிடம் உண்டு. சென்னை இராயபுரத்தில் வளர்ந்த முருகவேல் ஜானகிராமன், அமெரிக்காவில் மென்பொருள் பொறியாளராகப் பணியாற்றிய காலத்தில், 1997ஆம் ஆண்டில் அங்கு வாழ் தமிழர்க்கென ஓர் இணையதளத்தைத் தொடங்கினார். பல்வகைத் தகவல்களோடு வரன் பகுதியும் அதன் ஒரு மூலையில் இருந்தது. வந்தவர்கள் அம்மூலையையே மிகுதியும் நாடினர். அதிலிருந்து கிளைத்து வளர்ந்ததே ‘பாரத் மேட்ரிமோனி’. தொடங்கியவரே தம் வாழ்க்கைத் துணையை அத்தளத்தின் வழியே கண்டார் என்பது பலரும் அறிந்த செய்தி. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட அந்நிறுவனம் 2017ஆம் ஆண்டு பங்குச் சந்தையில் இடம்பெற்றது. அதே 1990களின் பிற்பகுதியில் மும்பையில் அனுபம் மித்தல் தொடங்கிய தளம் ‘ஷாதி’ என்னும் பெயரால் வடபுலத்தை ஆட்கொண்டது. ஆர்க்குட் 2004இல் தோன்றி 2014இல் மூடப்பட்டதும், முகநூல் அதே 2004இல் பிறந்து உலகை வளைத்ததும், ‘டிண்டர்’ போன்ற துணை தேடும் செயலிகள் 2012க்குப் பின் பெருகியதும் வேறு கதை. அங்கெல்லாம் இளையோர் தாமே பேசித் தாமே முடிவு செய்கின்றனர். நம் நாட்டுத் திருமணத் தளங்களின் தனித்தன்மை, பெற்றோரும் அங்கே கணக்குத் தொடங்கி மகளின் பெயரால் மறுமொழி எழுதுகின்றனர் என்பதே.

இத்தளங்கள் முதலில் மொழிவாரியாகப் பிரிந்தன. தமிழர்க்கு ஒன்று, தெலுங்கர்க்கு ஒன்று, மலையாளிகட்கு ஒன்று. பின்பு சமயவாரியாகப் பிரிந்தன. அதன்பின் சாதிக்கொன்றாகப் பிரிந்தன. பழைய தரகர் மனத்துக்குள் வைத்திருந்த சாதிப் பட்டியலைப் புதிய தரகர் திரையில் வெளிப்படையாக விரித்துவைத்தார். பிறரைக் குறை கூறி நாம் ஒதுங்கிவிட இயலாது. முஸ்லிம்களுக்கான பகுதியைத் திறந்தாலும் ராவுத்தர், மரைக்காயர், லெப்பை என்னும் கட்டங்கள் வரிசையாக நிற்கின்றன. ஒரே அணியில் தோளோடு தோள் உரச நின்று தொழுவோர், சம்பந்தம் பேசும்போது தனித்தனிக் கட்டங்களில் ஏறி அமர்கின்றனர். கட்டத்தை வரைந்தவர் கணிப்பொறிக்காரர் எனினும், அதில் குறியிடுபவர் நாமே.

இவற்றையெல்லாம் சொன்ன பின்னும், இத்தளங்களால் விளைந்த நன்மையை மறைத்தல் நேர்மையாகாது. நம்மிடம் தமிழ் இலக்கியம் பயின்ற மாணவி ஒருத்தி. தந்தை இல்லை. தாய் பள்ளி ஆசிரியை. தில்லை நகரின் குறுக்குத் தெரு ஒன்றில் வாடகை வீட்டில் வாழ்கின்றனர். அப்பெண்ணுக்கு முதலில் தரகர் வழியாகவே வரன் பார்த்தனர். வந்தவர் கேட்ட முதற் கேள்வி, எத்தனை பவுன் என்பது. அடுத்தது, அத்தா இல்லையே, சபையில் முன்னின்று பேசுவார் யார் என்பது. முப்பதை நெருங்கிவிட்டாளே என்பது மூன்றாவது. அவள் எம்.ஏ. முடித்திருந்ததை ஒருவரும் கேட்கவில்லை. திருமணத் தளமோ அவள் வயதைக் கேட்டு முகம் சுளிக்கவில்லை. படிப்பை எழுத இடம் தந்தது. வேண்டாதவரை வேண்டாம் என்று ஒரே தொடுகையில் ஒதுக்க வழி செய்தது. தன் மறுப்பைத் தானே சொல்லும் வாய்ப்புத் தனக்கு முதன்முறையாக அங்கேதான் கிடைத்தது என்று அவள் கூறியபோது நமக்கு வெட்கமாக இருந்தது. ஏனெனில் அந்த உரிமை அவளுக்கு இணையம் வந்து வழங்க வேண்டியதன்று. கன்ஸா பின்த் கிதாம் (ரலி) என்னும் அம்மையாரின் தந்தை அவர் விருப்பத்திற்கு மாறாக மணம் செய்வித்தபோது, அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அம்மணத்தை இரத்துச் செய்தார்கள் என்பது புகாரி நூலில் பதிவாகியுள்ள செய்தி. கைம்பெண்கள், மணவிலக்குப் பெற்றோர், உடற்குறையுடையோர் எனத் தரகர் வாசல் மிதிக்கத் தயங்கியோர்க்கெல்லாம் இத்தளங்கள் ஒரு கதவைத் திறந்துள்ளன. மறுமணத்தை வலியுறுத்தும் மார்க்கத்தைப் பின்பற்றும் நாம் செய்யத் தவறியதை ஒரு வணிக நிறுவனம் கட்டணம் பெற்றுக்கொண்டு செய்கிறது.

அப்பெண்ணின் கதை அத்தோடு முடிந்திருந்தால் இக்கட்டுரையை எழுத நேர்ந்திராது.

தளமொன்றில் வரன் அமைந்தது. வளைகுடா நாட்டில் பணி, ஐவேளையும் தொழுபவர், ‘மணமாகாதவர்’ என்னும் கட்டத்தில் குறி. அவர் படத்தருகே சரிபார்க்கப்பட்டது என்பதற்கு அடையாளமாகப் பச்சை நிறக் குறியொன்றும் இருந்தது. தாயார் அதனைக் காட்டி, நிறுவனமே பார்த்துச் சொல்லிவிட்டதே ஐயா என்று மகிழ்ந்தார். மண்டபத்திற்கு முன்பணமும் கொடுத்தாயிற்று. நிகாஹ் என்றால் மாப்பிள்ளையின் மஹல்லாவிலிருந்து தடையின்மைக் கடிதம் வர வேண்டுமல்லவா? அது இன்று வரும், நாளை வரும் என்று தள்ளிக்கொண்டே போயிற்று. ஐயம் எழுந்து, அவ்வூர்ப் பள்ளிவாசல் இமாமை நாமே தொலைபேசியில் அழைத்துப் பேசினோம். அவர் நிகாஹ் தப்தரைப் புரட்டிப் பார்த்தார். நான்கு ஆண்டுகட்கு முன்பே அவருக்கு நிகாஹ் நடந்த பக்கம் அதில் இருந்தது. மனைவி கைக்குழந்தையோடு தாய்வீட்டில் இருக்கிறார். தலாக்கும் இல்லை, குலாவும் இல்லை. அப்பச்சைக் குறியின் பொருள் யாது எனப் பின்னர் விசாரித்தோம். அவர் தந்த தொலைபேசி எண் அவருடையதே என்று உறுதி செய்யப்பட்டதாம். அவ்வளவே. தாயார் எழுதிய முறையீட்டிற்கு, உறுப்பினர்கள் தம் பொறுப்பில் விசாரித்துக்கொள்ள வேண்டும் என விதிமுறைகளில் கூறப்பட்டுள்ளது என்னும் அச்சடித்த மறுமொழி ஒன்று வந்தது.

எங்கோ இருக்கும் ஒரு பள்ளிவாசல் அலமாரியில் கரையான் அரித்த பழம் பதிவேடு ஒன்று அறிந்திருந்ததை, இலட்சக்கணக்கான வரன்களை நொடியில் சலித்துத் தரும் பொறி அறியவில்லை. அஃது ஏன் என்று நாம் எண்ணிப் பார்த்தோம்.

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் தலைவனுக்கும் தலைவிக்கும் அமைய வேண்டிய ஒப்புமைகள் பத்தினைக் கூறுகிறார். குடிப்பிறப்பு, அகவை, உருவம், செல்வம் ஆகியவை அவற்றுள் உள்ளன. திருமணத் தளங்களின் படிவங்களிலும் இவை தவறாமல் உள்ளன. ஆனால் அருளுடைமை, உணர்வு, நிறை ஆகியனவும் அப்பத்தினுள் அடங்கும். இவற்றிற்குப் படிவத்தில் கட்டம் இல்லை, இருக்கவும் முடியாது. தன் அருளுடைமையைத் தானே குறியிட்டுக் காட்டுபவரை எவ்வாறு நம்புவது? இவற்றை மற்றொருவர் கண்டு சொல்ல வேண்டும். அதற்காகவே தோழி இருந்தாள். தலைவனை அவள் எளிதில் ஏற்பதில்லை. பலமுறை அலையவிட்டு, அவன் உள்ளத்தை அறிந்த பின்னரே உதவுகிறாள். வரைவு நீளும்போது அவளே செவிலியிடம் உண்மையை எடுத்துரைத்து அறத்தொடு நிற்கிறாள். செவிலி நற்றாய்க்கும், நற்றாய் தந்தைக்கும் தமையர்க்கும் அதனை உணர்த்துவர். இவ்வாறு சொல் ஒருவர் வாயிலிருந்து மற்றொருவர் செவிக்குச் செல்லும்போது, ஒவ்வொருவரும் அதற்குப் பொறுப்பேற்கின்றனர். (படிவங்களில் தோல் நிறத்திற்குக் கட்டம் இருந்ததையும், 2020இல் எழுந்த எதிர்ப்பின் பின் ‘ஷாதி’ தளம் நிறம் கொண்டு சலிக்கும் வசதியை நீக்கியதையும் ஈண்டுக் குறிப்பிடலாம். தொல்காப்பியர் பத்தில் நிறம் என ஒன்று தனியே இல்லை.)

கலீபா உமர் (ரலி) அவர்களைப் பற்றி வழங்கும் செய்தி ஒன்றுண்டு. ஒருவர் மற்றொருவர்க்காக நற்சான்று கூற முன்வந்தார். கலீபா அவரிடம் மூன்று கேள்விகள் கேட்டார்கள். நீர் அவருடைய அண்டை வீட்டாரா? அவரோடு பயணம் சென்றதுண்டா? அவரோடு பணம் கொடுக்கல் வாங்கல் செய்ததுண்டா? மூன்றிற்கும் இல்லை என்றே விடை வந்தது. அப்படியாயின் பள்ளிவாசலில் அவர் குனிந்து நிமிர்வதை மட்டும் கண்டிருக்கிறீர், அவரை நீர் அறியமாட்டீர் என்று கூறித் திருப்பி அனுப்பினார்கள். சில திருமணத் தளங்களில் எத்தனை வேளை தொழுவீர் என்பதற்கும் ஒரு கட்டம் உண்டு. உமர் (ரலி) அவர்கள் போதாது என்று தள்ளிய அந்த ஒரு சான்றைத்தான் அக்கட்டமும் கேட்கிறது. அதுவும் அவரவர் வாய்மொழியாகவே.

அன்னை கதீஜா (ரலி) அவர்களின் திருமணத்தை இந்நோக்கில் காண்க. உமறுப்புலவர் சீறாப்புராணத்தின் விலாதத்துக் காண்டத்தில் அதனை விரித்துப் பாடியுள்ளார். நம் துறை மாணவர் பாடமாகவே பயின்றிருப்பர். வணிகப் பெருமாட்டியான அவர்கள், தம் சரக்கை அண்ணலாரிடம் ஒப்படைத்து ஷாம் நாட்டிற்கு அனுப்பினார்கள். அது கொடுக்கல் வாங்கல். தம் பணியாளர் மைசராவை உடன் அனுப்பினார்கள். அவர் வழித்துணையாகச் சென்று, கண்டதையெல்லாம் திரும்பி வந்து எடுத்துரைத்தார். அது பயணம். மக்கா நகரமோ அண்ணலாரைச் சிறு வயதுமுதல் நம்பிக்கைக்குரியவர் என்று அழைத்தது. அது அண்டை அயலாரின் சான்று. உமர் (ரலி) அவர்கள் பிற்காலத்தில் கேட்ட மூன்று கேள்விகளுக்கும் இங்கு விடை கிடைத்துவிட்டது. அதன் பின்னரே நஃபீஸா என்னும் தோழியார் தூது சென்றார். மணமகளே முன்வந்து விருப்பம் தெரிவித்தார்கள் என்பதை நாம் மேடைதோறும் பெருமையோடு பேசுகிறோம். அதற்கு முன் அவர்கள் எத்துணை நுணுகி விசாரித்தார்கள் என்பதையும் பேச வேண்டும்.

இனிச் சட்டத்தைப் பார்ப்போம். 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் இத்தகைய தளங்களை இடையீட்டாளர் என்றே கருதுகிறது. உரிய கவனத்தோடு நடந்துகொண்டால், பிறர் வந்து பதிந்த தகவலுக்கு இடையீட்டாளர் பொறுப்பாகார் என்பது அச்சட்டத்தின் 79ஆம் பிரிவு தரும் பாதுகாப்பு. மொழியில் இதனினும் பெரிய முரண் ஒன்றை நாம் அண்மையில் கண்டதில்லை. நம் வழக்கில் இடையில் நின்றவரே பொறுப்பாளி. பெண் கண்ணீரோடு திரும்பி வந்தால் அவள் தகப்பன் முதலில் போய் நிற்பது இடையில் நின்றவர் வீட்டு வாசலில்தான். 2016ஆம் ஆண்டு ஜூன் திங்களில் நடுவண் அரசு திருமணத் தளங்களுக்கென அறிவுரைத் தொகுப்பொன்றை வெளியிட்டது. உறுப்பினரின் அடையாளச் சான்று, முகவரிச் சான்று ஆகியவற்றைப் பெறுதல் வேண்டும், தளம் திருமணத்திற்கு மட்டுமே உரியது என அறிவித்தல் வேண்டும், கணக்கு மூடப்பட்ட பின்னும் ஓராண்டுக் காலம் கணினி முகவரிப் பதிவுகளைக் காத்தல் வேண்டும் என்பன அதிலுள்ளவை. நல்ல அறிவுரைகள்தாம். ஆனால் ஆள் யார் என்பதை அடையாள அட்டை சொல்லும். அவர் எத்தகையவர் என்பதைச் சொல்லாது. பணம் பறிபோனால் 1930 என்னும் எண்ணில் இணையக் குற்றப் பிரிவிற்கு முறையிடலாம். மானமும் காலமும் பறிபோனால் அழைப்பதற்கு எண் இல்லை. மற்றொரு வேடிக்கையும் உண்டு. 2024ஆம் ஆண்டு மார்ச்சுத் தொடக்கத்தில், கட்டணம் பற்றிய பூசலால் ‘கூகுள்’ நிறுவனம் ‘பாரத் மேட்ரிமோனி’ உள்ளிட்ட சில இந்தியச் செயலிகளைத் தன் கடையிலிருந்து நீக்கிவிட்டது. அரசு தலையிட்ட பின் சில நாட்களில் அவை மீண்டும் இடம்பெற்றன. தரகருக்கும் மேலே ஒரு தரகர் இருக்கிறார் என்பதை அன்றுதான் பலர் அறிந்தனர்.

பொறியால் இது முற்றிலும் இயலாது என்றும் கூறிவிட முடியாது. இங்கிலாந்தில் ஷாஜாத் யூனுஸ் என்னும் இளைஞர் தொடங்கிய ‘மஸ்மேட்ச்’ என்னும் செயலி, 2022ஆம் ஆண்டில் ‘மஸ்’ எனப் பெயர் மாறியது. பயன்படுத்துவோர் தம் உரையாடலின் படி ஒன்று வலிக்கு, அதாவது தாம் நம்பும் பொறுப்பாளர் ஒருவருக்குச் செல்லுமாறு அமைத்துக்கொள்ள அதில் வழியுண்டு. படத்தை மங்கலாக்கி வைத்து, வேண்டியவர்க்கு மட்டும் தெளிவாக்கிக் காட்டவும் இயலும். அதன் மற்றக் கூறுகள் நமக்கு ஒத்துவருமா என்பது வேறு. தோழிக்கு ஓர் இருக்கை போட வேண்டும் என்று அதனைச் செய்தவர்க்குத் தோன்றியதே, அது கருதத்தக்கது. அவ்விருக்கையில் யார் அமர்வது என்பதைப் பெண்ணே முடிவு செய்கிறாள் என்பதும் கருதத்தக்கது.

ஆயினும் இருக்கையில் அமர நம்மிடம் ஆள் வேண்டுமே. இங்கே நம் ஜமாஅத்துகளைப் பற்றிச் சிறிது கடுமையாகவே பேச வேண்டியுள்ளது. தடையின்மைக் கடிதம் என்பது எத்துணை அரிய ஏற்பாடு! ஒரு மஹல்லா மற்றொரு மஹல்லாவிற்கு எழுதும் பிணைச் சீட்டு அது. ஆனால் அதனைச் சந்தா பாக்கி வசூலிக்கும் கருவியாக்கிவிட்டோம். சந்தா கட்டியிருந்தால் கடிதம் கிடைக்கும். மாப்பிள்ளை எப்படிப்பட்டவர் என்று கேட்பார் இல்லை. நிர்வாகத்தில் பிணக்கு என்றால் குற்றமற்றவர்க்கும் கடிதம் மறுக்கப்படும். கைக்கூலி வாங்கும் திருமணத்திற்கும் அதே கடிதம், அதே முத்திரை. 1961ஆம் ஆண்டே அதனைத் தடுக்கச் சட்டம் வந்துவிட்டது என்பது முத்திரை குத்தும் கைக்குத் தெரிவதில்லை. மஹர் ஒரு வரியில் எழுதப்படுகிறது; பவுன் எழுதப்படாமலே கைமாறுகிறது. 2009ஆம் ஆண்டின் தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம் எல்லாச் சமயத்தார் திருமணங்களையும் பதிவு செய்யக் கட்டாயமாக்கியுள்ளது. நம் தப்தரில் பதிந்ததே போதும் என்று இன்னும் பலர் இருந்துவிடுகின்றனர். தில்லை நகர்க்கு அண்மையிலுள்ள உறையூர், தன் அறங்கூறவையத்திற்காகச் சங்கப் புலவரால் போற்றப்பட்ட ஊர். அவ்வூரின் நிழலில் வாழும் நாம், பள்ளிவாசல் அலுவலக அறையை ஓர் அவையமாக்க முயலக்கூடாதா?

நாம் வேண்டுவது பெரிதொன்றுமில்லை. கடிதம் கேட்டு வருவோர் இணையத்தின் வழியே வரன் கண்டிருந்தால், அக்கடிதம் நிச்சயத்திற்கு முன்பே எழுதப்படட்டும். மண்டபம் பார்த்த பிறகு வேண்டாம். கடிதம் எழுதும் முன் அண்டை வீட்டார் ஒருவரையும், உடன் பணியாற்றுவோர் ஒருவரையும், கொடுக்கல் வாங்கல் உள்ளவர் ஒருவரையும் கேட்கட்டும். கேட்பவருள் பெண்கள் இருவரேனும் இருக்கட்டும். வீட்டுச் செய்திகளை ஆண்கள் அறிவதினும் பெண்கள் விரைவில் அறிவர் என்பது நாடறிந்தது. படித்த பெண்கள் இன்று ஒவ்வொரு மஹல்லாவிலும் உள்ளனர். தப்தர்களைக் கரையானிடமிருந்து காத்து, வேற்றூர் மஹல்லா கேட்கும்போது ஒரு நாளில் விடை தரும் வகையில் வரிசைப்படுத்தி வைக்கட்டும். இப்பணியில் உதவ நம் மாணவர் முன்வருவர் என நம்புகிறோம். தமிழ் படித்தவர்க்குப் பழஞ்சுவடி படிப்பது புதிதன்று.

அப்பெண் இப்போதும் தளத்தில்தான் தேடுகிறாள். அவளைத் தரகரிடம் திரும்பிப் போகச் சொல்ல நமக்கு வாய் வரவில்லை. தன் தகவல் பக்கத்தில் தொடர்புக்குரியவர் என்னும் இடத்தில் நம் எண்ணை இட்டுக்கொள்ளலாமா என்று தாயும் மகளும் கேட்டனர். இசைந்தோம். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அழைப்புகள் வருகின்றன. சலாமுக்குப் பின், உங்கள் அண்டை வீட்டார் ஒருவர் எண்ணைத் தாருங்கள் என்று கேட்கிறோம். முதலில் பேசிய இருவர் அத்துடன் இணைப்பைத் துண்டித்துவிட்டனர். மூன்றாமவர் சற்றுத் தயங்கி, எழுதிக்கொள்ளுங்கள் என்றார்.